ஒரு பரிசின் பயணம்

(மோட்சகுண்டம் விஸ்வேஸ்வரய்யா: 1861–1962)

நுழையும்முன்

மாணவர்களே! மழைக்காலத்தில் மலம்புழை அணையின் மதகுகள் திறக்கப்படுவதை உங்களுள் சிலர் நேரில் கண்டிருப்பீர்கள். இடுக்கி நீர்த்தேக்கத்தைச் சேர்ந்த செறுதோணி அணையின் மதகு, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு 2018 ஆகஸ்ட் 9 அன்று உயர்த்தப்பட்டதை அம்மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அம்மதகுகளின் கனத்த இரும்புக் கதவுகளை இன்று மின்விசை தூக்குகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன், மின்விசையும் ஆள்துணையும் இல்லாமல் நீரின் விசையாலேயே திறந்து மூடும் கதவுகளை நம் நாட்டுப் பொறியாளர் ஒருவர் அமைத்தார். தந்தையை இளமையிலேயே இழந்த அவர், கல்வி உதவித்தொகை பெற்றுப் படித்தவர். தேர்வில் முதலிடம் பெற்று, மறைந்த ஒரு பொறியாளரின் பெயரால் வழங்கப்பட்ட பரிசை வென்றவர். மாணவப் பருவத்தில் பெற்றதை அவர் நாட்டுக்கு எவ்வாறு திருப்பித் தந்தார் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

குடிபெயர்ந்தோர் வழியில் வந்தவர்

இன்றைய கர்நாடக மாநிலத்தில், சிக்கபல்லாபுரத்துக்கு அருகில் முத்தேனஹள்ளி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1861 செப்டம்பர் 15 அன்று விஸ்வேஸ்வரய்யா பிறந்தார். தந்தையார் சீனிவாச சாஸ்திரி, தாயார் வெங்கடலட்சுமியம்மாள். அக்குடும்பத்தின் முன்னோர், இன்றைய ஆந்திர மாநிலத்தில் உள்ள மோட்சகுண்டம் என்னும் ஊரிலிருந்து முற்காலத்தில் மைசூர் நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள். ஊரை விட்டு வந்த அவர்கள் ஊர்ப்பெயரை விடவில்லை. அதைத் தம் குடும்பப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே அச்சிறுவனுக்கு வீட்டுமொழி தெலுங்கு; ஊர்மொழி கன்னடம்; உயர்கல்வியின் மொழி ஆங்கிலம். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வகுப்பில் இந்தியும் ஆங்கிலமும் பழகும் உங்களுக்கு இந்நிலை புதிதன்று.

பள்ளிப்பருவத்திலேயே விஸ்வேஸ்வரய்யா தந்தையை இழந்தார். சிக்கபல்லாபுரத்தில் தொடக்கக் கல்வியை முடித்த பின், பெங்களூருவில் வாழ்ந்த தாய்மாமனின் ஆதரவில் மேற்கொண்டு படித்தார். கல்லூரிச் செலவுக்குக் கையில் பணம் இல்லை. வசதியுள்ள ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அதில் கிடைத்ததைக் கொண்டு மத்தியக் கல்லூரியில் பயின்றார். 1881ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார்.

பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அக்கல்விக்கு அவர் தேர்ந்த இடம் பம்பாய் மாகாணத்தில் இருந்த புனே அறிவியல் கல்லூரி. அவ்வளவு தொலைவு சென்று தங்கிப் படிக்கும் வசதி அவர் குடும்பத்துக்கு இல்லை. அந்நேரத்தில் மைசூர் அரசு அவருக்குக் கல்வி உதவித்தொகை வழங்கியது. அப்போது மைசூரின் திவானாக இருந்தவர் அரங்காச்சார்லு. அவர் இன்றைய தமிழ்நாட்டில் பிறந்து, மைசூரில் உயர்பதவி வகித்தவர். ஓர் ஏழை மாணவனுக்கு அரசின் கருவூலத்திலிருந்து கிடைத்த அத்தொகை, பின்னாளில் அந்நாட்டுக்கே அணையாகவும் ஆலையாகவும் கல்லூரியாகவும் திரும்பி வந்தது.

பரிசுக்குப் பெயர் தந்தவர்

புனேயில் விஸ்வேஸ்வரய்யா கடுமையாக உழைத்தார். 1883ஆம் ஆண்டு நடைபெற்ற பொறியியல் தேர்வில் பம்பாய் மாகாணத்திலேயே முதலிடம் பெற்றார். அதற்காக அவருக்கு ஜேம்ஸ் பெர்க்லி பரிசு வழங்கப்பட்டது.

யார் இந்த பெர்க்லி? இலண்டனில் 1819ஆம் ஆண்டு பிறந்த ஜேம்ஸ் ஜான் பெர்க்லி, புகழ்பெற்ற இருப்புப்பாதைப் பொறியாளராகிய இராபர்ட் ஸ்டீபன்சனிடம் தொழில் கற்றவர். இந்தியாவுக்கு வந்து, பம்பாயிலிருந்து இருப்புப்பாதை அமைக்கும் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரானார். 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயிலிருந்து தானே வரை இந்தியாவின் முதல் பயணியர் ரயில் ஓடியது. அப்பாதை பெர்க்லியின் பொறுப்பில் அமைந்ததாகும்.

அதைவிடக் கடினமான பணி அடுத்து வந்தது. கடற்கரையில் உள்ள பம்பாயிலிருந்து உள்நாட்டுக்குச் செல்ல மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்க வேண்டும். பாலக்காட்டில் வாழ்வோருக்கு இதன் அருமை எளிதில் விளங்காது. இங்கே இயற்கையே மலைத்தொடரில் அகன்ற கணவாய் ஒன்றைத் திறந்து வைத்திருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை இக்கணவாய் வழியாக 1862ஆம் ஆண்டிலேயே அரபிக்கடல் ஓரத்துப் பேப்பூருடன் இணைந்துவிட்டது. பம்பாய்க்கு அருகில் அத்தகைய வாயில் இல்லை. போர் காட் எனப்படும் மலைச்சரிவில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்குள் 1,831 அடி உயரத்துக்கு ரயில் ஏறியாக வேண்டும். 25 குகைப்பாதைகள் குடையப்பட்டன; பள்ளங்களின் மீது உயர்ந்த பாலங்கள் எழுப்பப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர்கள் அங்கே உழைத்தார்கள். வாந்திபேதி முதலிய நோய்களுக்கும் விபத்துகளுக்கும் இரையானவர்கள் மிகப் பலர். அவர்கள் பெயர்களை எந்தப் பரிசும் தாங்கவில்லை என்பதையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

உடல்நலம் குன்றிய பெர்க்லி இங்கிலாந்து திரும்பினார். 1862ஆம் ஆண்டு, தம் 42ஆம் வயதில் மறைந்தார். மலைப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. தாம் வகுத்த பாதையில் ரயில் மலையேறியதை அவர் காணவில்லை. அவர் நினைவாகப் பொறியியல் மாணவர்களுக்குப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசு ஏற்படுத்தப்பட்டது. பெர்க்லி மறைந்து இருபத்தோர் ஆண்டுகள் கழிந்த பின், அவரைப் பார்த்தே இராத ஒரு மாணவர் அப்பரிசைப் பெற்றார்.

தானே திறக்கும் கதவு

1884ஆம் ஆண்டு விஸ்வேஸ்வரய்யா பம்பாய் அரசின் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். நாசிக்கில் தொடங்கிய அவர் பணி பல ஊர்களில் தொடர்ந்தது. சிந்து மாகாணத்தின் சுக்கூர் நகரம் சிந்து ஆற்றின் கரையில் இருந்தும், அங்கு நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு நிலவியது. ஆற்றுநீர் சேறு கலந்தது. அதை வடிகட்டப் பெரிய தொட்டிகள் கட்டப் போதிய பணம் இல்லை. விஸ்வேஸ்வரய்யா ஆற்றுப்படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணல் வழியே ஊறி வந்த நீர் தானே தெளிந்தது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி நீர் முகப்பது நம் ஊர்ப் பெண்கள் நன்கறிந்த முறையன்றோ? அதை ஒரு நகரத்துக்கே போதுமான அளவில் அவர் செய்து காட்டினார்.

புனே நகருக்கு நீர் தரும் கடக்வாசலா ஏரியில் வேறொரு சிக்கல் இருந்தது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பிக் கலிங்கின் வழியே நீர் வீணாக வெளியேறியது. கோடையில் நீர் போதவில்லை. அணையை உயர்த்திக் கட்டினால் பெருஞ்செலவாகும். பழைய சுவர் கூடுதல் நீரின் அழுத்தத்தைத் தாங்குமா என்ற ஐயமும் எழும். விஸ்வேஸ்வரய்யா அணையை உயர்த்தவில்லை. கலிங்கின் மேல் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். நீர் முழு மட்டத்தை எட்டும்வரை கதவுகள் மூடியிருக்கும். அம்மட்டத்தைத் தாண்டினால், நீரின் விசையாலும் எதிர் எடைகளாலும் கதவுகள் தாமே திறந்து மிகுதியை வெளியேற்றும். மட்டம் குறைந்ததும் தாமே மூடிக்கொள்ளும். 1903ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இவ்வமைப்பால், அணையின் உயரத்தைக் கூட்டாமலே எட்டு அடி நீர் கூடுதலாகத் தேங்கியது.

இக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெற்றிருந்தார். ஆயினும் அரசின் ஊதியம் பெறும் காலத்தில் செய்த பணி என்பதால், அதற்கு உரிமைத்தொகை பெற அவர் மறுத்துவிட்டார். இதே முறையிலான கதவுகள் பின்னர் குவாலியரிலும் மைசூரிலும் அமைக்கப்பட்டன.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஐதராபாத் நகரை அழித்தது. பல்லாயிரம் உயிர்கள் பறிபோயின. பம்பாய் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த விஸ்வேஸ்வரய்யாவை நிஜாம் அரசு அழைத்தது. கரையை உயர்த்துவது மட்டும் போதாது. நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தேக்க வேண்டும் என்று அவர் திட்டம் வகுத்தார். அவ்வாறு எழுந்த உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஆகிய நீர்த்தேக்கங்களை இன்றும் ஐதராபாத்தில் காணலாம்.

காவிரிமேல் ஓர் அணை

1909ஆம் ஆண்டு, தமக்கு உதவித்தொகை தந்த மைசூர் அரசில் விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளரானார். காவிரியின் குறுக்கே கண்ணம்பாடியில் அணை கட்டும் பணி 1911ஆம் ஆண்டு அவர் பொறுப்பில் தொடங்கியது. அதுவே கிருஷ்ணராஜ சாகர் அணை. முல்லைப் பெரியாற்று அணையில் போலவே, அங்கும் சிமெண்டுக்குப் பதிலாகச் சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிக் கலவை பயன்பட்டது. 130 அடி உயரமுள்ள அவ்வணை மண்டியா வட்டாரத்து வயல்களுக்குப் பாசன நீர் தந்தது. சிவசமுத்திரம் மின்நிலையத்துக்கு ஆண்டு முழுவதும் நீர் கிடைக்கவும் வழி செய்தது. அம்மின்சாரம் சென்ற இடங்களுள் ஒன்று கோலார் தங்கவயல். அங்கே ஆழ்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற குடும்பத்தினர்.

அணையால் நன்மை பெற்றவர்கள் பலர், இழந்தவர்களும் உண்டு. கண்ணம்பாடியும் அதன் பழைய கோயிலும் நீரில் மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். காவிரி நீரைப் பற்றி மைசூர், சென்னை அரசுகளுக்கிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 1924ஆம் ஆண்டு இரு அரசுகளும் உடன்பாடு செய்துகொண்டன. 1934ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மேட்டூர் அணை எழுந்தது. அட்டப்பாடியில் ஓடும் பவானியும், மறையூர்ப் பகுதியில் ஓடும் பாம்பாறும் காவிரியைச் சேரும் ஆறுகளே. ஆகவே காவிரியின் வரலாறு உங்கள் ஊரின் வரலாறும் ஆகும்.

1912 முதல் 1918 வரை விஸ்வேஸ்வரய்யா மைசூரின் திவானாக இருந்தார். அக்காலத்தில் மைசூர் வங்கி, மைசூர்ப் பல்கலைக்கழகம், பெங்களூருப் பொறியியல் கல்லூரி ஆகியவை தோன்றின. இனிப் பொறியியல் கற்க விரும்பும் மைசூர் மாணவர் தம்மைப் போலப் புனேவுக்குச் செல்ல வேண்டியதில்லை என்னும் நிலையை அவர் உருவாக்கினார். எனினும், பின்தங்கிய சமூகத்தினருக்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்குவதை அவர் ஏற்கவில்லை. தகுதி ஒன்றையே பார்க்க வேண்டும் என்று கருதினார். மன்னர் கிருஷ்ணராஜ உடையாரோ இடஒதுக்கீட்டின் பக்கம் நின்றார். கருத்து வேறுபாட்டால் விஸ்வேஸ்வரய்யா 1918ஆம் ஆண்டு பதவி விலகினார். இவ்வொன்றில் நாடு அவர் வழியில் செல்லாமல் மன்னரின் வழியிலேயே சென்றது. பெரியோரின் வரலாற்றைக் கற்கும்போது இத்தகைய செய்திகளையும் அறிதல் நன்று.

மரக்கரியில் உருகிய இரும்பு

மைசூர் நாட்டில் இரும்புத்தாது இருந்தது. ஆனால் அதை உருக்க ஏற்ற நிலக்கரி இல்லை. அடர்ந்த காடுகள் இருந்தன. ஆதலால் மரக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் ஆலை ஒன்று பத்திராவதியில் அமைக்கப்பட்டது. கெம்மண்ணுகுண்டி மலையிலிருந்து தாது வந்தது; சுற்றுக் காடுகளிலிருந்து மரம் வந்தது. 1923ஆம் ஆண்டு ஊதுலையிலிருந்து இரும்பு வெளிவரத் தொடங்கியது.

ஆனால் முதல் உலகப் போருக்குப் பின் இரும்பின் விலை வீழ்ந்திருந்தது. ஆலை நட்டத்தில் ஓடியது. நாட்டின் பணத்தை வீணாக்கும் திட்டம் என்று பலரும் குறை கூறினர். அந்நிலையில் அரசு விஸ்வேஸ்வரய்யாவை அழைத்து ஆலையின் நிருவாகக் குழுத் தலைவராக்கியது. அப்போது அவர் அறுபது வயதைக் கடந்திருந்தார். 1923 முதல் 1929 வரை அப்பொறுப்பில் இருந்து, வீண்செலவுகளைக் குறைத்தார்; விற்பனையை ஒழுங்குபடுத்தினார்; அயல்நாட்டார் வகித்த பணிகளுக்கு நம் நாட்டவரைப் பயிற்றுவித்தார். ஆலை பிழைத்தது. பின்னர் அது எஃகும் உற்பத்தி செய்யத் தொடங்கியது. இந்தியா விடுதலை பெற்ற பிறகு, அவ்வாலைக்கு விஸ்வேஸ்வரய்யாவின் பெயரே சூட்டப்பட்டது. 1927 முதல் 1955 வரை அவர் டாட்டா எஃகு நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவராகவும் விளங்கினார்.

அந்நாளில் பாலம், ரயில், எந்திரம் ஆகியவற்றுக்கு வேண்டிய எஃகின் பெரும்பகுதி கப்பலேறி இங்கு வந்தது. இந்நாட்டின் தாதுவை இந்நாட்டவரே உருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று கஞ்சிக்கோட்டு உருக்காலைகளில் உங்கள் பெற்றோரோ உறவினரோ பணிபுரியலாம். அங்கு உலையில் உருகும் இரும்பைக் காணும்போது பத்திராவதியையும் எண்ணிப் பாருங்கள்.

பெற்றதும் திருப்பித் தந்ததும்

பத்திராவதி ஆலையில் பணியாற்றிய காலத்துக்கு விஸ்வேஸ்வரய்யாவுக்குப் பெருந்தொகை ஊதியமாகச் சேர வேண்டியிருந்தது. அதை அவர் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. இளைஞர்கள் கைத்தொழில் கற்கும் பயிற்சி நிலையம் ஒன்றை அமைக்க அத்தொகையைப் பயன்படுத்துமாறு வேண்டினார். அவ்வாறு பெங்களூருவில் 1943ஆம் ஆண்டு தோன்றிய நிறுவனம், அன்றைய மன்னராகிய ஜெயசாமராஜேந்திரரின் பெயரைத் தாங்கியது. பட்டம் பெற வாய்ப்பில்லாத எளிய வீட்டுப் பிள்ளைகளும் அங்கே தொழில் கற்றனர். உதவித்தொகையில் படித்த ஒரு மாணவர், அறுபது ஆண்டுகளுக்குப் பின் தாமே ஒரு கல்விக்கொடை வழங்கினார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. பீகாரில் கங்கையின் குறுக்கே பெரும்பாலம் ஒன்று கட்ட இந்திய அரசு எண்ணியது. எவ்விடத்தில் கட்டுவது என்பதில் பல கருத்துகள் இருந்தன. 1950களின் தொடக்கத்தில் அதை ஆராயும் பொறுப்பு, தொண்ணூறு வயதைத் தாண்டிய விஸ்வேஸ்வரய்யாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நேரில் சென்று ஆற்றையும் கரையையும் பார்த்து ஆய்வு செய்தார். மொகாமா என்னும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நீளத்தில் எஃகுப் பாலம் எழுந்தது. சாலைப் போக்குவரத்தையும் ரயிலையும் ஒருங்கே தாங்கும் அப்பாலம் 1959ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இராஜேந்திர சேது எனப் பெயர் பெற்றது.

1955ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கியது. நூறு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்த விஸ்வேஸ்வரய்யா 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பிறந்த செப்டம்பர் 15 நாடெங்கும் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பெலகாவியில் 1998ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவர் பெயரால் வழங்குகிறது. அன்று பெர்க்லியின் பெயரால் அமைந்த பரிசை விஸ்வேஸ்வரய்யா பெற்றார். இன்று விஸ்வேஸ்வரய்யாவின் பெயரால் அமைந்த பரிசுகளைப் பொறியியல் மாணவர்கள் பெறுகிறார்கள்.

அருஞ்சொற்பொருள்

மதகு – நீரை வெளியேற்றும் கதவுடைய வாயில்
கலிங்கு – ஏரி நிரம்பியபின் மிகுநீர் வெளியேறும் இடம்
கணவாய் – மலைகளுக்கு இடையே உள்ள வழி
இருப்புப்பாதை – ரயில் பாதை
எஃகு – உறுதியூட்டப்பட்ட இரும்பு
ஊதுலை – காற்றைச் செலுத்தித் தாதுவை உருக்கும் பெரிய உலை
திவான் – மன்னராட்சியில் முதலமைச்சர்
கருவூலம் – அரசின் பணம் இருக்கும் இடம்

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. விஸ்வேஸ்வரய்யா பிறந்த ஊர் ______.
2. 1883ஆம் ஆண்டு அவர் பெற்ற பரிசு ______ பெயரால் வழங்கப்பட்டது.
3. பத்திராவதி ஆலையில் இரும்பை உருக்கப் பயன்பட்டது ______.
4. அட்டப்பாடியிலிருந்து காவிரியைச் சேரும் ஆறு ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விஸ்வேஸ்வரய்யா தம் கல்லூரிச் செலவை எவ்வாறு ஈடுகட்டினார்?
2. சுக்கூர் நகருக்குத் தெளிந்த நீர் எவ்வாறு கிடைத்தது?
3. கடக்வாசலாவில் அணையை உயர்த்திக் கட்டாதது ஏன்?

இ. சேர்த்து எழுதுக.
எடுத்துக்காட்டு: இரும்பு + பாதை = இருப்புப்பாதை
1. நீர் + தேக்கம் = ______
2. கல்வி + கொடை = ______
3. மலை + சரிவு = ______

ஈ. சிந்தித்து எழுதுக.
1. அணை கட்டுவதால் வரும் நன்மையையும் இழப்பையும் இரு பத்திகளில் எழுதுக.
2. போர் காட் மலைப்பாதையில் உழைத்த தொழிலாளர்களின் நினைவாக நீங்கள் ஒரு பரிசு ஏற்படுத்தினால், அதற்கு என்ன பெயர் சூட்டுவீர்கள்? யாருக்கு வழங்குவீர்கள்? காரணம் தருக.

உ. கேட்டு எழுதுக.
உங்கள் தாத்தா, பாட்டி அல்லது பெற்றோர் இவ்வூருக்கு எப்போது, எந்தப் பணிக்காக வந்தார்கள் என்று கேட்டுப் பத்துத் தொடர்களில் எழுதுக. அவர்கள் பயன்படுத்திய கருவிகளின் பெயர்களை அவர்கள் சொல்லும் தமிழிலேயே குறித்துக்கொள்க.